ஒரே தகப்பனுக்கு 13 சேவல் குஞ்சுகள்: எவற்றை வைத்துக்கொள்வது, எப்போது பிரிப்பது?

புதுக்கூண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சண்டைச்சேவல் இனத்தை மூன்று ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். சேவல்களை மோதவிடுவதில் எனக்கு விருப்பமில்லை. இனம் கலந்து கெட்டுப்போகாமல் நல்ல உருவத்தோடும் உடல் நலத்தோடும் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்பதே என் நோக்கம். இதுவரை ஓர் ஈட்டுக்கு (ஒருமுறை அடைவைத்துப் பொரிக்கும் குஞ்சுக் கூட்டத்துக்கு) இரண்டு அல்லது மூன்று சேவல் குஞ்சுகள்தாம் தேறின என்பதால், எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வியே எழவில்லை. இந்த முறை நிலைமை வேறு. ஒரே சேவலோடு சேர்த்திருந்த இரண்டு பெட்டைகளின் முட்டைகளை அடைவைத்ததில் 27 குஞ்சுகள் பொரிந்தன. அவற்றில் 13 சேவல்கள். முதல் பெட்டையின் குஞ்சுகள் ஏழு, வயது 16 வாரம். இரண்டாம் பெட்டையின் குஞ்சுகள் ஆறு, வயது 11 வாரம்.

கடந்த வாரம் வரை அனைத்தும் ஒரே அடைப்பில், விடைக்கோழிகளோடு, அதாவது கூடப் பொரிந்த இளம் பெட்டைகளோடு, சேர்ந்தே மேய்ந்தன. அவ்வப்போது கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்கும். இரண்டு முறை துள்ளிவிட்டுப் பிரிந்துவிடும். ஆகவே நானும் பொருட்படுத்தவில்லை. நான்கு நாட்களுக்கு முன் விடியற்காலையில் தீவனம் வைக்கப் போனபோது, மூத்த ஈட்டைச் சேர்ந்த இரண்டு சேவல்கள் தலை முழுவதும் இரத்தம் காய்ந்து, ஒன்றின் கழுத்தின் மேல் மற்றொன்று கழுத்தைச் சாய்த்தபடி நின்றுகொண்டிருந்தன. இரண்டுக்கும் கண் திறக்க முடியவில்லை. ஆனாலும் தொட்டவுடன், எதிரில் இருப்பது என் கை என்பதுகூடத் தெரியாமல் கொத்த முயன்றன. மூன்றாவது ஒன்று தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கிக் கிடந்தது.

என்னிடம் தனிக்கூண்டுகள் ஆறு இருக்கின்றன. இறுதியில் மூன்று சேவல்களை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். அன்று வென்று நின்ற சேவல்தான் ஈட்டிலேயே பெரியது, முதலில் கூவியதும் அதுதான். அதை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றில் பெரிதாக இருக்கும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இந்த முடிவு சரியா? இளைய ஈட்டை இப்போதே பிரிக்க வேண்டுமா? காயம் ஆறியபின் அண்ணன் தம்பிகளைத் திரும்பவும் ஒன்றாக விட முடியுமா?

நாற்பது ஈடு எழுதியது:

தம்பி, உங்கள் மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தவறு நடந்தால் உயிர் போவது அதில்தான். திரும்ப ஒன்றாக விடாதீர்கள். கோழிகள் ஒன்றையொன்று பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. சில நாட்கள் பிரிந்திருந்தாலே, அதிலும் தலை வீங்கி முகம் மாறியிருந்தால், கூடப் பிறந்தது என்பதெல்லாம் நிற்காது. அந்நியச் சேவல் வந்துவிட்டதாகவே மற்றது எடுத்துக்கொள்ளும். சாதாரணக் கோழி இனங்களில் தோற்றது ஓடிவிடும், வென்றது விட்டுவிடும், வரிசை நிலைத்துவிடும். நார்வேயைச் சேர்ந்த ஷெல்டெரப்-எப்பே என்பவர் 1922-இல் எழுதிய கொத்து வரிசை என்பது இதுதான். சண்டைச்சேவல் இனத்தில் சிக்கலே, தோற்றது ஓட மறுப்பதும் ஓடியதை வென்றது விட மறுப்பதும்தான். ஆகவே வரிசை அமையட்டும் என்று காத்திருப்பவர் பிணத்தைத்தான் எடுக்க நேரும்.

இனிப் பிரிக்கும் வயது. எல்லோரும் வாரக் கணக்குக் கேட்கிறார்கள். நான் வாரத்தைப் பார்ப்பதில்லை, அறிகுறிகளைப் பார்க்கிறேன். முகமும் கொண்டையும் வெளிறிய நிறத்திலிருந்து சிவப்புக்கு மாறுவது, தொண்டை அடைத்தாற்போல் முதற்கூவல் எழுவது, விடைக்கோழியைச் சுற்றி ஒற்றை இறக்கையைத் தாழ்த்தி வட்டமிடுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மோதல் முடிந்தபின் இரண்டும் தீவனத்துக்குத் திரும்பாமல் மீண்டும் ஒன்றையொன்று தேடிப்போவது. கடைசியாகச் சொன்னதை ஒருமுறை கண்டுவிட்டால் அன்று மாலைக்குள் பிரித்துவிட வேண்டும். சில வழிகளில், அதாவது சில பரம்பரைகளில், இது மூன்று மாதத்திலேயே வந்துவிடும், சில வழிகளில் ஆறு மாதம் வரை வராது. உங்கள் மூத்த ஈட்டில் வந்துவிட்டது. ஆகவே அந்த ஏழில் ஒன்றுகூட இன்றிரவு மற்றொன்றோடு அடையக் கூடாது. கூண்டு ஆறுதான் என்றால், ஏழாவதற்குப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வையுங்கள்.

இளைய ஈட்டை உடனே தனித்தனியாக்க வேண்டியதில்லை. ஆனால் விடைக்கோழிகளிடமிருந்து அவற்றை இன்றே எடுத்துவிடுங்கள். பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில், அகலமான அடைப்பில், இரண்டு மூன்று இடங்களில் தீவனமும் தண்ணீரும் வைத்து, நடுவில் நான்கைந்து சாக்குத் தட்டிகளை நிறுத்திவைத்தால், ஒன்றின் பார்வையிலிருந்து மற்றொன்று விலகிக்கொள்ள வழி கிடைக்கும். வயதான, அமைதியான சேவல் ஒன்று உங்களிடம் இருக்குமானால் அதை இவற்றோடு விட்டுப்பாருங்கள். பெரியவர் நடுவில் நடந்து வந்தாலே சிறுவர் சண்டை கலைந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது குஞ்சுகளைத் துரத்தி அடிக்கும் குணமுடையதா என்பதை முதல் நாள் முழுவதும் அருகில் இருந்து பார்த்துவிட்டே இரவில் விட வேண்டும். இந்த ஏற்பாட்டினால் சில வாரங்கள் கிடைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

தனிக்கூண்டுகளைப் பற்றி ஒன்று. கூண்டுகள் அடுத்தடுத்து இருந்து நடுவில் கம்பி வலை மட்டும் இருந்தால், பிரித்ததில் பாதிப் பயன்தான். வலையின் வழியாகவே கொத்திக் கொத்தி அலகு நுனி உடையும், கொண்டை கிழியும், கால் விரல் வலையில் சிக்கும். என் முதல் வரிசைக் கூண்டுகளை நான் அப்படித்தான் கட்டினேன். ஒரே மாதத்தில் நல்ல சேவல் ஒன்றுக்கு மேல் அலகு பாதியாகப் போயிற்று. அதன்பிறகு தரையிலிருந்து சேவலின் தலைக்கு மேல் ஒரு சாண் வரைக்கும் பலகையோ தகரமோ அடித்து மறைத்தேன். கூவல் கேட்கும், ஆள் தெரியாது. அது போதும்.

மருந்துப்பெட்டி எழுதியது:

காயம்பட்ட மூன்றையும் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆறவைத்த உப்பு நீரில் துணியை நனைத்து, காய்ந்த இரத்தத்தை ஊறவிட்டுத் துடையுங்கள், பிய்க்க வேண்டாம். கண் இமைக்குள் கட்டியான சீழ் தென்பட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் அதை வீட்டில் கிளறினால் பார்வை போய்விடும். கண் தெரியாத சேவலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. அலகு நுனியை மெதுவாக நீரில் தொட்டுக் காட்டி, குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு நாள் ஆகிவிட்டது என்கிறீர்கள். நெஞ்செலும்பின் இருபுறமும் தடவிப்பாருங்கள். சதை வற்றி எலும்பு கத்தி போல் தட்டுப்பட்டால் அது தின்னவில்லை என்று பொருள். தொட்டிக்குப் பின்னால் ஒளிந்த சேவலுக்கு வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அதையே முதலில் பாருங்கள். அடிபட்டதைவிடப் பயந்து பட்டினி கிடந்ததுதான் பல நேரங்களில் செத்துப்போகிறது.

இன்னொன்று, பிரித்தபின் பலர் செய்யும் தவறு. முட்டையிடும் பெட்டைகளுக்கு வாங்கிய தீவனத்தையே தனிக்கூண்டுச் சேவல்களுக்கும் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தீவனத்தில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 3.5 முதல் 4 விழுக்காடு வரை இருக்கும். வளரும் பறவைக்குத் தேவை 1 விழுக்காடு அளவுதான். மிகுதியை வெளியேற்ற முயன்று சிறுநீரகம் கெட்டுவிடும். வெளியே எதுவும் தெரியாமல் மாதக்கணக்கில் போய், ஒரு நாள் சேவல் மெலிந்து நிற்கும்போதுதான் தேடத் தொடங்குவோம். வளர்பருவத் தீவனத்தை, புரதம் 16 முதல் 18 விழுக்காடு வரை இருக்கும்படி பார்த்துக் கொடுங்கள்.

நொண்டும் சேவல் எதுவாக இருந்தாலும் அதைச் சண்டையில் பட்ட அடி என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக நீட்டிப் படுத்திருந்தால் மேரெக்ஸ் என்னும், கோழிகளின் கால்களை முடக்கும் நச்சுயிரி நோயாக இருக்கலாம். இந்த வயதில்தான் அது தலைகாட்டும். குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே அதற்குத் தடுப்பூசி போட வேண்டும். அந்த ஊசி நோய் முற்றுவதைத் தடுக்குமே தவிர, கிருமி தொற்றுவதைத் தடுக்காது. ஆகவே ஊசி போட்ட குஞ்சுகள் நடுவில் போடாதவை இருந்தால் போடாதவைக்கு ஆபத்து மிகுதி.

இறகுப்பேடு எழுதியது:

வென்ற சேவலை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வெற்றியை அளவுகோலாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. 16 வாரத்தில் வெல்வது பெரும்பாலும் உடன்பிறப்புகளைவிட இரண்டு வாரம் முன்னதாகப் பருவமெய்திய குஞ்சுதான். அது முதலில் கூவியதும், முதலில் முகம் சிவந்ததும், எடை கூடியதும் எல்லாம் ஒரே காரணத்தால்தான். நீங்கள் அவற்றை மூன்று தகுதிகளாக எண்ணுகிறீர்கள். இந்த இனம் மெதுவாக வளர்வது. எலும்பும் தோளும் தொடையும் முழுமையாக நிரம்ப ஒன்றரை ஆண்டு, சிலவற்றில் இரண்டு ஆண்டுகூட ஆகும். ஐந்தாம் மாதத்தில் கால் நீண்டு கழுத்து நீண்டு அசிங்கமாக நின்ற குஞ்சு, முதல் முழு இறகுதிர்ப்புக்குப் பின் கூண்டிலேயே அழகான சேவலாக நிற்பதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று. முன்கூட்டியே முற்றுவதை வைத்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், நான்கைந்து தலைமுறைகளில் சீக்கிரம் முற்றி, சிறுத்து நின்றுவிடும் கூட்டம்தான் மிஞ்சும்.

ஆகவே பிரிப்பதை இன்று செய்யுங்கள், தேர்வை இன்று செய்யாதீர்கள். இன்று செய்ய வேண்டியது கழித்தல் மட்டுமே. வளைந்த அலகு, ஒரே பக்கமாகச் சாய்ந்த வால், விரித்துப் பார்க்கும்போது நடுவில் இறகு இல்லாமல் பிளந்து தெரியும் இறக்கை, கோணிய விரல், உள்நோக்கி மடங்கிய முழங்கால் ஆகியவை தெரிந்தவற்றை இப்போதே இனப்பெருக்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். கோணல் நெஞ்செலும்பை மட்டும் உடனே பரம்பரைக் குறை என்று முடிவு செய்யாதீர்கள். எலும்பு கெட்டிப்படுவதற்கு முன் மெல்லிய குச்சியின் மேல் அடைந்த குஞ்சுகளுக்கும் அது வரும். ஈடு முழுவதற்கும் கோணியிருந்தால் குச்சியைப் பாருங்கள். ஒன்றிரண்டுக்கு மட்டும் என்றால் தாயையும் தகப்பனையும் தடவிப்பாருங்கள்.

கழித்தபின் மீந்தவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, சேவலைப் பார்ப்பதற்கு முன் அதன் தாயைப் பாருங்கள் என்பேன். 13-க்கும் தகப்பன் ஒன்றே. அப்படியானால் இவற்றுக்கிடையே இருக்கும் பெரிய வேறுபாடு தாய்தான். எந்தப் பெட்டை நோய் நொடியின்றி அடைகாத்தது, எந்தப் பெட்டையின் முட்டைகளில் கூடுதலாகப் பொரிந்தது, எதன் குஞ்சுகள் முதல் ஆறு வாரத்தில் குறைவாகச் செத்தன என்ற கணக்கை எடுத்துப்பாருங்கள். மூன்றையும் ஒரே தாயின் பிள்ளைகளாக வைத்துக்கொண்டால், மற்றத் தாயின் வழியில் சேவலே இல்லாமல் போய்விடும். ஒரு தாய்க்கு இரண்டு, மற்றதற்கு ஒன்று என்று வையுங்கள்.

புதுக்கூண்டு எழுதியது:

ஐயா, அக்கா, மருந்து சொன்னவர், மூவருக்கும் நன்றி. சொன்னபடி நேற்று மாலையே ஏழையும் பிரித்துவிட்டேன். தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தது, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தடவிப்பார்த்தபோது, வெறும் எலும்பாக இருந்தது. இப்போது தனியாக, அரைத்த தீவனத்தைத் தண்ணீரில் குழைத்துக் கொடுத்தால் தின்கிறது.

ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்ததில் சில விவரங்கள் தெரியவந்தன. மூத்த ஈட்டில் ஒன்றுக்கு வால் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இளைய ஈட்டில் இரண்டுக்குக் கொண்டை ஒற்றையாக, கத்தி போல் எழுந்து நிற்கிறது. தாய் தகப்பன் இரண்டுக்கும் மூன்று வரியாகத் தலையோடு ஒட்டிய குட்டைக் கொண்டைதான். அப்படியானால் வேறு சேவல் சேர்ந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. மேலும், வென்ற அந்தப் பெரிய சேவல் கூண்டுக்குள் கை நீட்டினால் பாய்ந்து உதைக்கிறது. காயத்தின் கோபமாக இருக்கலாம் என்று விட்டிருக்கிறேன்.

நாற்பது ஈடு எழுதியது:

ஒற்றைக் கொண்டை வந்தாலே கலப்பு என்று பேசுவது நம்மிடையே பழைய வழக்கம். நல்ல குஞ்சுகள் பல அந்தப் பேச்சினாலேயே வீணாகியிருக்கின்றன. கோழிக் கொண்டை எப்படி வழிவழியாக இறங்குகிறது என்பதை 1902-லேயே பேட்சன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் ஆராய்ந்து காட்டிவிட்டார். குட்டைக் கொண்டைக் கூறு (மரபணு) ஓங்கு கூறு, ஒன்று இருந்தாலே வெளியே தெரியும். ஒற்றைக் கொண்டைக் கூறு ஒடுங்கு கூறு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும். தாய் தகப்பன் இரண்டும் வெளியே குட்டைக் கொண்டையோடு இருந்து, உள்ளே ஒற்றைக் கொண்டைக் கூறு ஒன்றைச் சுமந்தால், நான்கில் ஒரு குஞ்சுக்கு ஒற்றைக் கொண்டை வர வாய்ப்புண்டு. ஆகவே உங்கள் சேவலும் இரண்டாம் பெட்டையும் அந்தக் கூற்றைச் சுமக்கின்றன என்பதே முதலில் எழ வேண்டிய எண்ணம். வேறு சேவல் புகுந்ததா என்பதை, அந்தச் சமயத்தில் அடைப்பு எப்படி இருந்தது என்பதை வைத்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூத்த ஈட்டில் ஒன்றுகூட அப்படி வராததால் முதல் பெட்டை தூயது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏழு குஞ்சுகள் போதாது. விடைக்கோழிகளின் கொண்டையையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள்.

அந்த இரண்டையும் வைத்துக்கொள்வதா என்பது வேறு கேள்வி. உங்கள் வழியில் கொண்டையைச் சீராக வைத்திருக்க விரும்பினால் வேண்டாம். கொண்டையைத் தவிர மற்றெல்லாவற்றிலும் அவை ஈட்டிலேயே சிறந்தவையாக வந்தால், நானாக இருந்தால் ஒன்றை வைத்துக்கொள்வேன். கொண்டையை இரண்டு தலைமுறையில் திருத்திவிடலாம், போன எலும்பையும் தோளையும் திரும்பக் கொண்டுவர ஆயுள் ஆகும். இதில் இறகுப்பேடு அம்மா என்னோடு உடன்படமாட்டார் என்று நினைக்கிறேன்.

கையில் பாய்வதைப் பற்றி. காயம் ஆறும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்பது சரியே. ஆறியபின் தினமும் இருமுறை, அவசரமில்லாமல், இருட்டிய பிறகு அடையும் குச்சியிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்து பழக்குங்கள். இரண்டு மாதம் பழக்கியும் ஆளைக் கண்டால் பாய்ந்தால், அது எத்தனை அழகாக இருந்தாலும் இனப்பெருக்கத்துக்கு வேண்டாம். அந்தக் குணம் பிள்ளைகளுக்கு இறங்குகிறது. தன் இனத்துச் சேவலோடு விட்டுக்கொடுக்காமல் நிற்கும் சேவல், வளர்ப்பவர் கையில் பூனைக்குட்டி போல் அடங்கியிருப்பதுதான் நல்ல வழியின் அடையாளம்; இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இரண்டு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம், பாயும்போது சேவலின் கால் முள் அவர்களின் கண் உயரத்துக்கு வரும்.

இறகுப்பேடு எழுதியது:

உடன்படவில்லைதான், ஆனால் ஐயா நினைக்கும் காரணத்துக்காக அல்ல. ஒற்றைக் கொண்டைச் சேவலை வைத்துக்கொண்டால், அதன் பிள்ளைகள் அனைத்தும் அந்தக் கூற்றைச் சுமக்கும். குட்டைக் கொண்டையோடு பிறக்கும் பிள்ளைகளில் எது சுமக்கிறது, எது சுமக்கவில்லை என்று கேட்க வேண்டியதே இல்லை, அனைத்தும் சுமக்கும். பெரிய கூட்டம் வைத்திருப்பவர் அதைச் சமாளிப்பார். மூன்று சேவலும் சில பெட்டைகளும் உள்ளவருக்கு அது சுமைதான். புதுக்கூண்டுக்கு நான் சொல்வது, இளைய ஈட்டின் மற்ற நான்கிலிருந்து ஒன்றைத் தேடுங்கள் என்பதே.

வால் சாய்ந்ததைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வென்ற பெரிய சேவல் ஐயத்துக்குரியது. மூத்த ஈட்டில் மீதி ஐந்து, அவற்றில் ஒன்று மெலிந்து கிடக்கிறது. அது தேறி வருமானால் தள்ளிவிடாதீர்கள். ஒளிந்தது கோழைத்தனம் என்று சொல்வார்கள், ஆனால் இரண்டு அண்ணன்மாரிடம் ஒருசேரச் சிக்கிய 16 வாரக் குஞ்சைப் பற்றி அதிலிருந்து எதையும் அறிய முடியாது. எட்டாம் மாதத்தில் ஒருமுறை, முதல் முழு இறகுதிர்ப்பு முடிந்தபின் ஒருமுறை, ஒரே நாளில் ஒரே தராசில் எடை போட்டு, ஒரே வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்து எழுதிவையுங்கள். நினைவை நம்பினால் பிடித்த சேவல்தான் எப்போதும் வெல்லும்.

புதுக்கூண்டு எழுதியது:

அக்கா, ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. அடுத்த பருவத்தில் இவற்றில் ஒன்றை இதே அடைப்பில் வளர்ந்த விடைக்கோழிகளோடு சேர்க்கலாமா? பழைய சேவலை எடுத்த எத்தனை நாளில் முட்டைகளைப் புதுச் சேவலுடையவை என்று கணக்கில் கொள்ளலாம்?

இறகுப்பேடு எழுதியது:

உடன்பிறந்த சேவலையும் பெட்டையையும் சேர்த்தால் பிறக்கும் குஞ்சின் உட்கலப்பு அளவு (நெருங்கிய உறவுக்குள் சேர்ப்பதால் ஒரே கூறு இருபுறமிருந்தும் வரும் வாய்ப்பு) 25 விழுக்காடு. தகப்பன் ஒன்று, தாய் வேறு என்றால் 12.5 விழுக்காடு. உங்களிடம் இரண்டு தாய் வழிகள் இருப்பதால், மூத்த ஈட்டுச் சேவலை இளைய ஈட்டு விடைக்கோழியோடும், இளைய ஈட்டுச் சேவலை மூத்த ஈட்டு விடைக்கோழியோடும் மாற்றிச் சேர்ப்பதே மேல். ஒருமுறை செய்யலாம். தொடர்ந்து செய்தால் முதலில் பொரிக்கும் அளவு குறையும், அதன்பிறகு குஞ்சுகள் காரணமில்லாமல் சாகத் தொடங்கும். அதற்குள் வெளியிலிருந்து ஒரு பெட்டையைக் கொண்டுவந்து, ஒரு மாதம் தனியே தள்ளிவைத்து, நோயில்லை என்று தெரிந்தபின் சேருங்கள்.

பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆகவே அதை எடுத்தபின் மூன்று வாரம் வரை கிடைக்கும் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் வாரத்திலிருந்து அடைக்கு எடுங்கள். முட்டையின் மேல் பென்சிலால் தாயின் எண்ணை எழுதுங்கள், மை வேண்டாம்.

இப்போதே 13-க்கும் கால் வளையம் போட்டுவிடுங்கள், மூத்த ஈட்டுப் பிள்ளைகளுக்கு வலக்காலில், இளைய ஈட்டுப் பிள்ளைகளுக்கு இடக்காலில். வாரம் ஒருமுறை வளையத்தை விரலால் சுழற்றிப்பாருங்கள். இந்த வயதில் கால் தடிக்கும் வேகத்தில் வளையம் தோலுக்குள் புதைந்துவிடும். சுழலாத வளையத்தை அன்றே வெட்டிவிட்டுப் பெரியதாக மாற்றுங்கள்.